காற்றுப் படாத சோஸ் போத்தல்: நான்கு மாதப் பாவனைக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஜப்பானில் வேலை செய்யும் என் தங்கை மகன் கடந்த ஜனவரியில் விடுமுறைக்கு வந்தபோது, 200 மில்லிலீற்றர் அளவுள்ள இரண்டு சோயா சோஸ் போத்தல்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "மாமா, இதத் தொறந்துட்டு மூணு மாசம் வெளியவே வெச்சிருந்தாலும் கெடாது, உள்ளுக்குள்ள ஒரு பை இருக்கு" என்று அவன் சொன்னபோது, எனக்குச் சோஸைவிட அந்தப் பையின் மீதே ஆர்வம் பிறந்தது. இலங்கையின் மலையக நகரான நுவரெலியாவில் வசிக்கும் நான், தேயிலைத் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் டீமேக்கராக, அதாவது தூள் தயாரிப்பைக் கவனிப்பவனாக, இருந்து ஓய்வுபெற்றவன். ஒரு பண்டத்தைக் காற்றிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பது எப்படி என்ற கவலை, சம்பளம் நின்ற பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. ஆகவே ஒரு போத்தலைச் சமையலறைக்குக் கொடுத்துக் கடைசித் துளிவரை பார்த்தேன். மற்றதைப் பாதி தீர்ந்த நிலையில் கத்தியால் அறுத்துப் பார்த்தேன். உள்ளிருந்த சோஸை விட அது இருந்த கொள்கலனே இந்த மதிப்பீட்டின் பொருள் என்பதால், தயாரித்தவர்களின் பெயர் இங்கே தேவைப்படாது.

வெளியே பார்த்தால் அது சாதாரணமான, சற்றே மெத்தென்ற பிளாஸ்டிக் போத்தல்தான். பிடித்து அமுக்கினால் சோஸ் வருகிறது. கையை விட்டால் போத்தல் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. சாதாரண போத்தல் அப்படித் திரும்பும்போது வாய் வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும், அந்தக் காற்று உள்ளே எஞ்சியிருக்கும் பண்டத்தின் மேல் அமர்ந்துவிடும். இதிலோ வாயில் இருக்கும் சிறிய வால்வு மூடிக்கொள்கிறது. காற்று போத்தலின் தோள்பட்டையில் உள்ள உள்ளே மட்டும் வழிவிடும் வால்வு கொண்ட ஓர் ஊசித்துளை வழியாக நுழைந்து, வெளிக்கூட்டுக்கும் உள்பைக்கும் இடையில் போய் நிற்கிறது. சோஸ் குறையக் குறையப் பை சுருங்குகிறது, கூடு மட்டும் நிமிர்ந்தே இருக்கிறது. இதை நம்பாதவர்கள் என்னைப் போல ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: அமுக்கிய நிலையில் அந்தத் துளையை விரல்நுனியால் அடைத்துக்கொண்டு கையின் பிடியைத் தளர்த்தினால், போத்தல் கன்னம் ஒட்டிய கிழவரைப் போல ஒடுங்கியே நிற்கும். விரலை எடுத்தவுடன் மெல்ல மூச்சிழுத்து நிமிரும். என் பேத்திக்கு இந்த விளையாட்டு அலுக்கவேயில்லை. முதல் வாரத்தில் செலவான சோஸில் கணிசமான பங்கு அவளுடைய கணக்கில் சேர வேண்டியது.

அறுத்துப் பார்த்தபோதுதான் இதன் நுட்பம் முழுமையாகப் புரிந்தது. வெளிக்கூடு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்புள்ளதாக இருந்தாலும் கைக்கு உறுதியாக இருக்கிறது. உள்பையோ வெங்காயச் சருகைப் போன்றது. இரண்டும் தனித்தனியாகச் செய்யப்பட்டு ஒன்றுக்குள் ஒன்று நுழைக்கப்பட்டவை என்றுதான் முதலில் எண்ணினேன். அது தவறு. உருகிய பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக ஒரே குழாயாக இறக்கி, அச்சுக்குள் பிடித்து, உள்ளே காற்றை ஊதிப் போத்தலாக்கும் அதே ஊதல்முறையில்தான் இரண்டும் ஒரே நொடியில் பிறக்கின்றன. வெளி அடுக்குக்குப் பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன் அல்லது பொலித்தீன் பயன்படுகிறது. உள் அடுக்கில், ஒட்சிசனைத் தடுப்பதில் பெயர்பெற்ற எத்திலீன் வைனைல் அல்கஹோல் என்னும் பொருள் சேர்க்கப்படுகிறது. இவ்விரண்டும் இயல்பாக ஒன்றோடொன்று ஒட்டாதவை. தக்காளி சோஸ் போத்தல்களில் இந்த ஒட்டாமையை ஒரு குறையாகக் கருதி, நடுவில் ஒட்டுப் படலம் ஒன்றை இட்டு அடுக்குகளை ஒன்றாக்குவார்கள். இந்தக் கொள்கலனை வடிவமைத்தவர்கள் அந்தப் படலத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். ஊரெல்லாம் பசை தடவி மறைத்த ஒரு குணத்தை, இதுவே நமக்கு வேண்டியது என்று எடுத்துக்கொண்டதை நான் மிகவும் ரசித்தேன்.

ஆனால் ஒட்டாமை மட்டும் போதாது. முதல் முறை அமுக்கும்போது பை ஓரிடத்தில் கூட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னோரிடத்தில் விலகினால் சோஸ் ஒழுங்காக வராது. ஆகவே நிரப்புவதற்கு முன்பே தொழிற்சாலையில் காற்றைச் செலுத்திப் பையை ஒருமுறை உரித்து, மீண்டும் விரித்து வைக்கும் முறை கையாளப்படுகிறது. போத்தலின் அடியில், அச்சு மூடும்போது குழாய் நசுங்கி ஒட்டும் ஒரு கோடு இருக்கிறது. அந்தத் தையல் பிரிந்தால் எல்லாம் வீண் என்பதால் அங்கே கூடும் பையும் ஒன்றையொன்று இறுகக் கவ்விக்கொண்டிருக்கின்றன. சில வடிவமைப்புகளில் மேலிருந்து கீழாக ஒரு பட்டையளவுக்கு மட்டும் பையைக் கூட்டோடு ஒட்டிவிடுகிறார்கள். அப்போது பை நாலாபக்கமும் கசங்காமல் ஒரு பக்கமாகவே சாய்ந்து ஒடுங்கும், வாய்க்குப் போகும் வழியும் அடைபடாது. என்னிடம் இருந்த போத்தலில் அப்படிப்பட்ட பட்டை எதுவும் தென்படவில்லை. அதன் விளைவைக் கீழே சொல்கிறேன்.

இதையெல்லாம் பார்க்கும்போது எனக்குப் பழைய டீப்பெட்டிகளே நினைவுக்கு வந்தன. உலர்த்தியிலிருந்து ஏறக்குறைய 3 வீத ஈரப்பதனோடு வெளிவரும் தூள், மூடுபனி வாசலில் நிற்கும் ஒரு தொழிற்சாலையில் திறந்து கிடந்தால் அன்று மாலையே தன் தரத்தை இழக்கத் தொடங்கிவிடும். ஆகவேதான் ஒட்டுப்பலகைப் பெட்டியின் உட்புறம் அலுமினியத் தாளை விரித்து, தூளைக் கொட்டி, அதிர்வு மேடையில் குலுக்கி இறுக்கி, தாளை மடித்து மூடினோம். பலம் பலகைக்கு, காவல் தாளுக்கு. பின்னர் பலகைக்குப் பதிலாகப் பல அடுக்குக் கடதாசிச் சாக்குகள் வந்தபோதும் உள்ளே அலுமினியப் படலம் இருந்தது. தாங்கும் வேலை ஒருவருக்கு, காக்கும் வேலை இன்னொருவருக்கு என்ற இந்தப் பங்கீட்டை மலையகத்துத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாலேயே செய்திருக்கிறார்கள். ஒரு வேறுபாடு உண்டு: டீப்பெட்டியை ஒருமுறை திறந்தால் காவல் முடிந்துவிடும், இந்தப் போத்தலில் திறந்த பிறகுதான் காவலே தொடங்குகிறது.

அந்தக் காவல் எப்படி இருந்தது என்றால், மிகச் சிறப்பாக இருந்தது. சோயா சோஸின் நிறம் கறுத்துப்போவதும் மணம் மழுங்குவதும் பெரும்பாலும் ஒட்சியேற்றத்தால் நிகழ்பவை. ஜனவரி நடுப்பகுதியில் திறந்த போத்தலிலிருந்து ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு வெள்ளைத் தட்டில் விட்ட துளி, ஆரம்பத்தில் பார்த்த அதே செம்மண் கலந்த சிவப்பாகவே இருந்தது. ஒப்பீட்டுக்காக அதே நாளில் திறந்து வைத்த கண்ணாடிப் போத்தல் சோஸ் ஒன்று, வேறு வகையானது என்பதால் நேரடியான நீதி அதற்குக் கிடைக்காது என்றாலும், ஆறு வாரத்துக்குள் மணத்தில் தளர்ந்து, வாயோரத்தில் உப்புப் படிந்து மூடி ஒட்டிக்கொண்டது. குளிர்சாதனப் பெட்டியில் இடம் பிடிக்காதது இன்னொரு நன்மை. இந்த ஊரில் அதை வைத்திருக்காத வீடுகளும் இருக்கின்றன.

நான் எதிர்பாராமல் கிடைத்த நன்மையொன்றும் உண்டு. வால்வு இருப்பதால் சோஸ் ஊற்றாகக் கொட்டாமல், விரும்பினால் ஒரேயொரு துளியாக வரும். கவிழ்த்துப் பிடித்தாலும் அமுக்காவிட்டால் வராது. கிளினிக்கில் உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட என்னைப் போன்ற ஒருவருக்கு, லீக்ஸும் உருளைக்கிழங்கும் வதக்கிய தட்டின் மேல் எண்ணி ஆறு துளி விட்டுக்கொள்வது சாத்தியமாகிறது. கண்ணாடிப் போத்தலில் ஆறு துளி என்று தொடங்கி ஒரு மேசைக்கரண்டியில் முடியும்.

சோயா சோஸுக்கும் கொள்கலன் வடிவமைப்புக்கும் ஜப்பானில் நெடிய உறவு உண்டு. உலகமெங்கும் சாப்பாட்டு மேசைகளில் காணப்படும், சிவப்பு மூடி போட்ட கிக்கோமன் கண்ணாடிக் குடுவையைக் கென்ஜி எக்குவான் 1961 இல் வடிவமைத்தார். காற்றுப் படாமல் ஊற்றும் முயற்சியில் யமாசா நிறுவனம் 2009 இல் இதழ் போன்ற மெல்லிய வாயுடைய பையொன்றை அறிமுகம் செய்தது. அதற்கு அடுத்த ஆண்டுகளில் கிக்கோமன், அமுக்கும் இரட்டைச் சுவர்ப் போத்தலுக்கு வந்து சேர்ந்தது. திறந்த பின் அறை வெப்பநிலையில் 90 நாட்கள் என்பது இவ்வகைப் போத்தல்களில் பழகிவிட்ட வாக்குறுதி. என் சமையலறையில் அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது.

இனிக் குறைகள். முதலாவது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்ணால் அறிய முடியாது. கூடு எப்போதும் நிரம்பியது போலவே நிற்கிறது. கையில் தூக்கி எடையைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். "ஏங்க, இது தீர்ந்துருச்சா இல்லையான்னே தெரியல, ஆள ஏமாத்துது" என்று என் மனைவி இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை விருந்தாளிகள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சத்தில் நிழல் தெரியும்படி பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடளவு இடத்தையாவது ஒளி ஊடுருவும்படி விட்டிருக்கலாம்.

இரண்டாவது, கடைசிச் சோஸ். மேலே சொன்ன பட்டை இல்லாததால் பை எல்லாத் திசையிலும் கசங்கி, நடுவில் தன்னைத் தானே முறுக்கிக்கொள்கிறது. அடியில் சோஸ் இருக்கும், வாய்க்கு வர வழி இருக்காது. தீர்ந்துவிட்டது என்று ஒதுக்கிய போத்தலை நான் அறுத்து வடித்தபோது இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைத்தது. 200 மில்லிலீற்றரில் இது சிறு பங்குதான். ஆனாலும் போத்தலில் தண்ணீர் விட்டு அலசிக் குழம்பில் ஊற்றும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, அலசவே முடியாத போத்தல் என்பது மனதுக்கு ஒவ்வாத ஒன்று.

மூன்றாவது குறை போத்தலுடையதா, நுவரெலியாவுடையதா என்று தீர்ப்பளிக்க எனக்குத் தயக்கம். கடல்மட்டத்தை அண்டிய ஊரில் நிரப்பி மூடப்பட்ட எந்தப் பண்டமும் 1,868 மீற்றர் உயரத்துக்கு வரும்போது, வெளியே வளிமண்டல அமுக்கம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருப்பதைக் காண்கிறது. கொழும்பிலிருந்து வரும் பொரியல் பைக்கற்றுகள் இங்கே கடைகளில் தலையணை போல உப்பித் தொங்குவது இதனால்தான். இந்தப் போத்தலின் உள்ளே எஞ்சியிருந்த சிறிதளவு காற்றும் அப்படியே விரிந்து காத்திருந்திருக்கிறது. உட்சீலைக் கழற்றியதும் முதல் துளிகள் நான் அமுக்காமலேயே சீறி வந்து மேசைவிரிப்பில் விழுந்தன. மலைநாட்டில் இதைத் திறப்பவர்கள் கைத்துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு திறப்பது நல்லது. முதல் நாளுக்குப் பிறகு இந்தத் தொல்லை இல்லை.

குளிர்தான் பெரிய நீதிபதி. சோயா சோஸ் உப்பு நீர் என்பதால் பெப்ரவரி விடியலிலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. கூடு மட்டும் சற்று விறைத்து, நிமிர்வதற்குக் கூடுதலாக ஒரு கணம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் இந்தக் கொள்கலனில் சமையல் எண்ணெயையும் அடைக்கலாமே என்று கேட்பவர்களுக்காக ஒரு பரிசோதனை செய்தேன். தீர்ந்த போத்தலின் மூடியை நெம்பிக் கழற்றி, இளஞ்சூடான தேங்காய் எண்ணெயை ஊற்ற முயன்றேன். பாதியளவே ஏற்றுக்கொண்டது, ஏனென்றால் இடையில் புகுந்த காற்று உள்ளே வரத்தான் அந்தத் துளையின் வால்வு இடம் தருகிறது, வெளியே போக அல்ல. அதன் பிறகு இரவு வந்தது. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில் உறைவது. இங்கே வருடத்தின் சராசரி வெப்பநிலையே 16 பாகைக்கு அருகில்தான். காலையில் பைக்குள் வெள்ளை மெழுகுத் திரியொன்று இருந்தது, எவ்வளவு அமுக்கியும் அசையவில்லை. இந்த ஊர் வீடுகளில் தேங்காய் எண்ணெயை அகன்ற வாய்ச் சாடியில் வைத்துக் கரண்டியால் சுரண்டி எடுப்பதும், அடுப்பின் ஓரத்தில் வைத்து இளக்குவதும் காரணமில்லாமல் வந்த வழக்கங்கள் அல்ல. கொழும்பில் சரியாக இயங்கும் எண்ணெய்ப் போத்தல் ஒன்றை மலைநாட்டுக்கும் அப்படியே அனுப்புபவர் அந்த வெள்ளைத் திரியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதே கருத்தின் பெரிய அண்ணனான, அட்டைப் பெட்டிக்குள் பை வைத்துக் குழாய் பூட்டிய கொள்கலனிலும் குளிர் இதே வேலையைக் காட்டியது. அந்த வகையை 1955 இல் வில்லியம் ஷோல் என்ற அமெரிக்கர் மின்கல அமிலத்தைப் பாதுகாப்பாகக் கொண்டுசெல்வதற்காக உருவாக்கினார். 1965 இல் அவுஸ்திரேலியாவின் தோமஸ் அங்கோவ் அதை வைனுக்குக் கொண்டுவந்தார். நகரில் சாப்பாட்டுக் கடை நடத்தும் என் நண்பர், விநியோகஸ்தர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, 20 லீற்றர் பாம் எண்ணெயை இவ்வாறான பெட்டியில் வாங்கியிருந்தார். குளிர்ந்த காலைகளில் எண்ணெய் ரவைக் கஞ்சி போல இறுகிக் குழாயை அடைத்தது. முடியும் தறுவாயில் பையின் மடிப்பே குழாயின் வாய்க்குள் இழுபட்டு, ஒரு லீற்றர் அளவு உள்ளேயே தங்கிவிட்டது. அவர் பையை வெளியே எடுத்து, மூலையைக் கத்தரித்து வடித்தார். ஆனால் நான் கவனித்தது வேறு: அவரால் பையை வெளியே எடுக்க முடிந்தது. அட்டை அடுப்பு மூட்டப் போயிற்று, பை தனியாகக் கழிவுக் கூடைக்குப் போயிற்று, குழாயைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு நிமிட வேலை.

என் போத்தலில் அது முடியவில்லை என்பதே என்னுடைய முதன்மையான மனக்குறை. பிரிந்து விலகுவதற்கென்றே செய்யப்பட்ட இரண்டு அடுக்குகள், பாவனை முடிந்தபின் கையால் பிரிக்க முடியாதவையாக, கழுத்திலும் அடித் தையலிலும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மலையகத்தில் போத்தல் என்பது அதில் வந்த பண்டம் தீர்ந்த பிறகுதான் தன் உண்மையான வாழ்க்கையைத் தொடங்குகிறது. மண்ணெண்ணெய்க்கு ஒன்று, அச்சாறுக்கு ஒன்று, மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் பத்து மணிக்குக் குடிக்கும் தேத்தண்ணிக்கு ஒன்று. எங்கள் வீட்டில் உதவிக்கு வரும் பெண்மணி, நிமிர்ந்து நிற்கும் அந்த அழகான போத்தலைப் பார்த்து, "ஐயா, இது முடிஞ்சா எனக்குத் தாங்க, மக மலைக்குக் கொண்டு போவா" என்று கேட்டார். அதற்குள் எதையும் நிரப்ப முடியாது என்பதை நான் விளக்கியபோது, கொடுக்க மனமில்லாமல் சொல்கிறேன் என்றே அவர் எண்ணியிருக்க வேண்டும். அடுத்த நாள் அறுத்த போத்தலைக் காட்டியபிறகுதான் முகம் தெளிந்தது.

கழிவாகப் பார்த்தாலும் சிக்கல்தான். வெவ்வேறு குணமுள்ள பிளாஸ்டிக்குகள் பிரியாமல் கிடந்தால் மீள்சுழற்சி செய்பவருக்கு அது தரம் குறைந்த கலவை. நகர எல்லைக்குள் இருப்பவர்களுக்குக் குப்பை வண்டி வரும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் எரிப்பதுதான் வழி. உணவும் மருந்தும் தவிர்ந்த பொருட்களுக்கான 20 மில்லிலீற்றர் வரையான சிறு பைக்கற்றுகளை அரசாங்கம் 2021 மார்ச் 31 முதல் தடை செய்தபோது, ஷாம்பு வாங்கும் பழக்கமே எங்கள் கடைத்தெருவில் மாறியது. உறுதியான கூடு ஒன்றை ஒருமுறை வாங்கி, உள்பையை மட்டும் மாற்றிக்கொள்ளும் கொள்கலன் ஷாம்புக்கும் பாத்திரம் கழுவும் திரவத்துக்கும் வந்தால், அதற்கு நான் கூடுதல் விலை கொடுப்பேன். பையின் கழுத்தில் ஒரு வளையமும், அதைத் திருகி இழுத்தால் பை முழுதாக வாய்வழியே வெளிவரும் ஏற்பாடும் இருந்தால் போதும். அடித் தையலின் பிடியைச் சற்றுத் தளர்த்த வேண்டியிருக்கும், அது வடிவமைப்பாளர்கள் தலையிட்டுத் தீர்க்க வேண்டிய கணக்கு.

இப்போதுள்ள நிலையில், சோயா சோஸ், எலுமிச்சைச் சாறு, மீன் சோஸ் போல உறையாததும் காற்றுப்பட்டால் கெடுவதுமான நீர்த்த பண்டங்களை மெதுவாகச் செலவழிக்கும் சிறு குடும்பங்களுக்கு இந்தப் போத்தலை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். கொத்து ரொட்டிக்கும் ஃப்ரைட் ரைஸுக்கும் நாளொன்றுக்கு ஒரு போத்தலைக் காலி செய்யும் கடைக்காரர்களுக்கு இது வீண் செலவு. அவர்களிடம் சோஸுக்குக் கெட்டுப்போக நேரமே கிடைப்பதில்லை. எண்ணெய்க்கு, குறைந்தபட்சம் ஹட்டனுக்கு மேலே உள்ள ஊர்களில், வேண்டவே வேண்டாம்.

போன வாரம் தங்கை மகன் தொலைபேசியில் பேசியபோது, அடுத்த பயணத்தில் இன்னும் நான்கு போத்தல் கொண்டுவரட்டுமா என்று கேட்டான். இரண்டு போதும் என்றேன். அறுத்த போத்தலின் அடிப்பாதியில் என் மனைவி லீக்ஸ் நாற்று வைத்திருக்கிறார். நீர் வடிவதற்கு அடியில் துளை போட முயன்று இரண்டு ஆணி வளைந்துவிட்டதால், அந்தத் தையல் எவ்வளவு உறுதியானது என்பதை அவரும் இப்போது அறிவார்.